கயிறு இல்லை என்றவள்

அந்தப் புத்தகத்துக்கு முன்னட்டை இல்லை. அதனால் அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. கேரள எல்லையில் எங்கள் ஊரான வேலந்தாவளத்து வாயனசாலையில், அதாவது நூலகத்தில், மலையாளப் புத்தகங்களுக்கு நடுவே தமிழுக்கென்று இருந்த ஒரே தட்டில் அது கிடந்தது. பின்னோக்கியே நடக்கும் காளை ஒன்றின் மேல் ஏறி இரண்டு சிறுமிகள் ஊர் ஊராகப் போவார்கள். ஓர் ஊரில் நிழல்களைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைப்பார்கள். இன்னோர் ஊரில் யாராவது கதை சொன்னால்தான் ஆறு ஓடும். கதை நின்றால் ஆறும் நின்று திரும்பிப் பார்க்கும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி மாட்டிக்கொண்டால் மற்றவள் அந்தச் சட்டத்தை மீறி அவளை மீட்பாள்.

ஐந்தாம் வகுப்பில் நானும் என் தோழியும் அதை மாறி மாறி உரக்கப் படித்தோம். அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா சந்தை முக்கில் மாட்டுக் கயிறும் சலங்கையும் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒரு காளை இருந்தது. பிடித்து இழுத்தால் பின்னால் போகும். மற்றவர்களுக்கு அது கோளாறு. எங்களுக்கு அதுவே கதை நிஜம் என்பதற்கு அத்தாட்சி. பள்ளி விட்டதும் அதன் முன்னால் நின்று போகவேண்டிய ஊரைச் சொல்வோம். அது இரண்டடி பின்வாங்கும். ஊர் வந்துவிட்டது என்று அதன் மேலிருந்து இறங்குவதுபோல் குதிப்போம்.

இப்போது என் மகளுக்கும் இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான் வாங்கித் தருகிறேன். பொது அறிவுப் புத்தகம் வாங்கினால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியோ, பிள்ளையை நானே கெடுக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வரத்தான் செய்கிறது. சந்தேகப்பட்டுக்கொண்டே அடுத்ததையும் வாங்குகிறேன். காரணம் அந்தச் சந்தை நாள்.

பின்னால் போகிற மாடு குடும்பத்துக்கு ஆகாது, விற்றுவிடு என்றார் பெரியப்பா. அப்பா அண்ணன் பேச்சைத் தட்டியவர் அல்ல. நான் அழுதேன், சாப்பிட மறுத்தேன், தொழுவத்து வாசலில் குறுக்கே படுத்தேன். அப்பா என்னைத் தாண்டிக் காளையை ஓட்டிப் போனார். நான் குறுக்குவழியில் ஓடி, கடையில் நின்றிருந்த தோழியிடம் சொன்னேன்.

“கயிறு இல்லாம எப்படிப் போகும்?” என்று மட்டும் அவள் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்பவர் பழைய கயிற்றைக் கொடுக்க மாட்டார். வீட்டு லட்சுமி அதோடு போய்விடுவாளாம். வாங்குபவர் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டினால்தான் மாடு கைமாறும். அன்றும் சந்தை வழக்கப்படி துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசி விலை படிந்தது. வாங்குகிறவர் அப்பாவையும் பெரியப்பாவையும் காளையோடு கூட்டிக்கொண்டு கயிறு வாங்க வந்தார். தோழியின் அத்தா உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்.

“கயிறு ஒண்ணு குடு கண்ணு.”

“கயிறு இல்லீங்க.”

அவள் முதுகுக்குப் பின்னால் கயிறுகள் திரைபோலத் தொங்கின. “அப்ப அது என்ன, பாம்பா?”

“பாம்புதானுங்க. கடிக்கும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாங்க வந்தவர் சிரிக்கவில்லை. கடையில் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. சரக்கு தீர்ந்துபோனால்கூட ‘நாளைக்கு வரும்’ என்பார்கள். எங்கள் ஊரின் சட்டம் அது. பேச்சு வந்த நாளிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

அத்தா பதறி வெளியே வந்தார். “ஏம்புள்ள, என்ன வார்த்தை சொன்ன? மாத்திச் சொல்லு!”

“மாட்டேன் அத்தா. இல்லைன்னா இல்லைதான்.”

“சகுனமே சரியில்லீங்க. இந்த மாடு எனக்கு வேண்டாமுங்க” என்று வாங்க வந்தவர் போய்விட்டார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “கதைப் பொஸ்தகம் படிச்சு ரெண்டும் கெட்டுப்போச்சு. இனி அந்தப் புள்ளகூடச் சேர மாட்டேன்னு சொல்லு.”

“சேருவேனுங்க பெரியப்பா. நாளைக்கும் சேருவேன்.”

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அப்பா காளையை வீட்டுக்குத் திருப்பினார்.

பொழுது சாயும்போது தோழியின் அத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் புதுக்கயிறு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“எம்புள்ள இல்லைன்னு சொன்ன கயிறுங்க. இதை இனி ஆருக்கு விக்கறது? உங்க மாட்டுக்கே கட்டிருங்க.”

“எங்கண்ணனுக்கு என்னங்க பதில் சொல்றது?”

“எம்புள்ளயக் கேட்டா, இல்லைன்னு சொல்லிருங்கன்னு சொல்லுவா.”

இருவரும் சிரித்தார்கள். சத்தம் வெளியே போகாமல் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, காளையைப் பார்த்து, “இல்லீங்கண்ணா” என்றார்.

“இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

“இல்லீங்கண்ணா!”

எங்கள் இருவரையும்தான் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அன்று இரவு அப்பாவோடு பேசவே இல்லை. வாழ்நாளில் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லியிராத இரண்டு பேர், எங்களிடமிருந்து அதைக் கற்றுச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.