சாலையில் உடைத்த தேங்காய்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், பொறியியல் படித்து முடித்த கையோடு நகரின் துப்புரவுப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. அப்பா குமாஸ்தாவாக இருந்தவர். மகள் மேசையில் உட்கார்ந்து வரைபடம் போடுவாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். நான் போட்டுக்கொண்டதோ ரப்பர் பூட்ஸ்.

பினாங்கில் தைப்பூசத்துக்கு ரதம் வரும் வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். தமிழர்களும் சீனர்களும் மூட்டை மூட்டையாகக் குவித்து வைத்து, ரதம் நெருங்கும்போது ஓங்கி அடிப்பார்கள். தார்ச்சாலை வெள்ளையாகிவிடும். ரதம் நகர்ந்ததும் எங்கள் லோரிகள் வந்து, எல்லாவற்றையும் அள்ளிக் கடலோரக் குப்பைமேட்டில் கொட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள் அங்கே போய்ப் பார்த்தேன். புளித்த நாற்றத்தில் கண் எரிந்தது. பக்கத்து வீடுகள் வரை ஈ. நல்ல உணவை நாமே விஷமாக்குகிறோம் என்று பட்டது. அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்குச் சற்று வெளியே ஆயர் ஈத்தாமில் மாடு வளர்த்துப் பால் ஊற்றும் ஒருவரைத் தேடிப் போய்ப் பேசினேன். தேங்காயைக் காயவைத்துத் தவிட்டோடு கலந்தால் மாடு விரும்பித் தின்னும், சிரட்டை அடுப்புக்கு ஆகும், கொண்டு வா என்றார். என் மேலதிகாரி ஒரு மலாய்க்காரர். ஒரு லோரிக்கு மட்டும் அனுமதி, போக்குவரத்து நிற்கக் கூடாது என்றார்.

மறு வருடம் அந்த லோரியின் முன்சீட்டில் நானே உட்கார்ந்து போனேன். மாட்டுக்காரர் குவியலுக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரலில் ரத்தம். உள்ளே உடைந்த கண்ணாடிப் போத்தல். இன்னும் கிளறியதில் ஆணி, கம்பி, சோடா மூடி எல்லாம் வந்தன.

"தங்கச்சி, மாடு பொறுக்கித் தின்னாதுலா. ஒரு ஆணி உள்ள போச்சுன்னா அதோட முடிஞ்சிரும். திருப்பிக் கொண்டு போயிரு" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கையைக் கழுவிக்கொண்டு மாடுகளிடம் போய்விட்டார்.

லோரிக்காரரிடம் கெஞ்சி, அந்தக் குவியலைக் குப்பைமேட்டின் ஓரத்தில் ஒரு தார்ப்பாயில் தனியாகக் கொட்டச் சொன்னேன். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்து, கையுறை போட்டுப் பிரிக்க உட்கார்ந்தேன். அங்கே வேலை செய்த ஓர் அக்கா, சாலை கூட்டுபவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இதற்கா படித்தாய் என்று கேட்டார். பிறகு அவரும் எதிரில் குந்திக்கொண்டார்.

பிற்பகலுக்குள் இரண்டு குவியல்கள் சேர்ந்தன. பிளாஸ்டிக் பை, ஊதுவத்தி, பூ ஒரு பக்கம். கண்ணாடி, ஆணி, மூடி இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது குவியல் முழுக்கத் தார் அப்பிக் கறுத்துக் கிடந்தது. அக்கா ஒரு மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது தேங்காயோட வந்தது இல்ல மிஸ். முன்னாடியே ரோட்டுல கெடந்தது."

உடைத்த பிறகு பொறுக்குவதைப் பற்றியே ஒரு வருடம் யோசித்திருக்கிறேன். உடைக்கும் முன்பே சாலையைக் கூட்டிக் கழுவிவிட்டால் போதும்.

மேலதிகாரி இரண்டு முறை மறுத்தார். ஒரே சாலையை இரண்டு தடவை கூட்ட ஆள் இல்லை என்றார். மூன்றாம் முறை, பிரித்த ஆணிகளை ஒரு டின்னில் போட்டு அவர் மேசையில் வைத்தேன். ஆட்கள் சம்மதித்தால் ஒரு தெருவில் மட்டும் செய்து பார் என்றார். அக்கா கேட்டுப் பார்த்ததில் நான்கு பேர் வந்தார்கள். மற்றவர்கள் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தல்காரரையும் பார்த்து, பிளாஸ்டிக் பைகளைப் போட ஒரு சாக்கு கொடுத்தேன். சாமிக்கு உடைத்ததை விற்கப் போகிறாயா என்று ஒரு கடைக்காரர் முறைத்தார். விற்கவில்லை, மாடு தின்னப் போகிறது என்றேன். சாக்கை வாங்கித் தன் பந்தல் காலில் அவரே கட்டினார்.

ரதம் புறப்படும் முன் நாங்கள் ஆறு பேரும் அந்தத் தெருவைக் கூட்டிக் கழுவினோம். ரதம் போனதும் மாட்டுக்காரர் தானே வந்தார். முழங்கை வரை கையை விட்டு, மூன்று இடத்தில் துழாவினார். வெறும் தேங்காய்தான். லோரியில் ஏற்றச் சொன்னார். அக்கா வேறு பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மற்ற தெருக்களின் தேங்காய் வழக்கம்போலக் குப்பைமேட்டுக்குத்தான் போனது. எங்கள் தெருவிலிருந்தும் ஒரு லோரி தவறிப் போய் அங்கேயே கொட்டிவிட்டது. அன்று மாலை முழுக்க அந்த லோரியை நினைத்து எனக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் காலை அலுவலகம் போய், அடுத்த வருடத்துக்கு இன்னும் இரண்டு தெருக்கள் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.