பிரானாக்களின் தவக்காலம்

பிறர் என்னைப் பார்த்துக் கொஞ்சமாவது பயப்பட வேண்டும் என்பதற்காகத்தான் ஐம்பத்திரண்டாவது வயதில் நான் பிரானா மீன் வாங்கினேன். இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் உயிரியலில் ஆர்வம் என்று சொல்லி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் தவளையை அறுத்துக் காட்டியபோது, தவளைக்கு முன்னால் மயங்கி விழுந்தவன் நான்.

தாலுகா அலுவலகத்தில் வேலை. மனு கொடுக்க வருகிறவர்கள் என் மேஜையைக் கடந்து தாசில்தாரிடம் போவார்கள். திரும்பி வரும்போது நின்று, "சார், பேனா இருக்குங்களா?" என்று கேட்பார்கள். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஒரு ஜமாபந்தி நாளில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தன் மாமியாரை அதில் உட்கார வைத்தார். அந்த அம்மாளுக்குத் தண்ணீரும் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

இந்த நிலையில்தான் ஒரு மார்கழி மாதம் தஞ்சாவூரில் ஒரு மீன்தொட்டிக் கடைக்குப் போனேன். வாங்கப் போனது தங்கமீன். கடைக்காரர் நான் மூலைத் தொட்டியைப் பார்ப்பதைக் கவனித்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அது வேணாம் சார். அது ஃபேமிலி மீன் இல்ல."

"ஏன்?"

"பிரானா. வெளிய சொல்லாதீங்க."

வெள்ளியில் அடித்த மாதிரி உடம்பு. வயிற்றில் குங்குமத்தைத் தடவியதுபோல் சிவப்பு. யாரையோ வம்புக்கு இழுக்கும் கீழ்த்தாடை. ஐந்து குஞ்சுகள். என்ன சாப்பிடும் என்று கேட்டேன். "கறிதான் சார். ஈரலா போடுங்க. கையை மட்டும் உள்ள விட்டுராதீங்க" என்றார். வெளியே சொல்லாதீர்கள் என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரத்துக்குள் எங்கள் நகர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன்.

நான்கடித் தொட்டி கூடத்துக்கு வந்தது. முழங்கைக்கு மேல் வரும் சிவப்பு ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். ஈரலைப் போட சமையலறையிலிருந்து இடுக்கி. தொட்டியின் மேல் ஆபத்து என்று ஓர் அட்டை. மீட்டர் பார்க்க வருகிறவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "ரீடிங் நீங்களே பாத்துச் சொல்லிடுங்க சார்" என்றார். வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதையை நான் அனுபவித்ததில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல் தொடங்குகிறது. அதில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் வைத்திருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். தன் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், காபி கொடுத்த கையோடு என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார். நான் கையுறையை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் பேசுவேன். அமேசான் காடு, கூட்டமாக வேட்டை, ஆற்றைக் கடக்க இறங்கிய எருமை, மறு கரையில் ஏறிய எலும்புக்கூடு. எலும்புக்கூடு எப்படிக் கரையேறும் என்று யாரும் கேட்டதில்லை. நான் எங்காவது தடுமாறினால் பக்கத்து வீட்டுக்காரரே, "அந்த எருமையைச் சொல்லுங்க சார்" என்று எடுத்துக் கொடுப்பார்.

வீண் பெருமைக்கு வாங்கிய மீன்கள்தான். ஆனால் நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் ஐந்தும் கண்ணாடிக்கு வந்து வரிசையாக நிற்கும். என்னைக் கண்டு ஐந்து பேர் ஒன்றாக எழுந்து வந்தது அதுவரை நடந்ததில்லை. அவை வந்தது ஈரலுக்காக என்று தெரிந்தும் மனம் அதைப் பொருட்படுத்தவில்லை. எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அன்றைய அலுவலகக் கதைகளை அவற்றிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு வருடம் ஓடியது. சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுக்கு வளர்ந்துவிட்டன. அப்புறம்தான் கெட்ட காலம். தண்ணீர் எத்தனை முறை மாற்றினாலும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆயிற்று. வயிறு உப்பியது, சிவப்பு வெளுத்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒன்று செத்து மிதந்தது. சம்பா அறுவடை முடிந்த வாரத்தில் இன்னொன்று. இரண்டையும் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். கடைக்காரரைக் கேட்கலாம் என்று போனால், அந்த இடத்தில் மொபைல் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். தெம்பு போதவில்லை என்று நானாகவே முடிவு செய்து ஈரலைக் கூட்டினேன். மிச்சம் மூன்றும் மூலையில் சாய்ந்து கிடந்தன. செருப்புச் சத்தத்துக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அப்போதுதான் தவக்காலம் வந்தது. மேல்நாட்டுக் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் கறியை விட்டுவிட்டு மீன் சாப்பிடுவார்களாம். எங்கள் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் அந்தச் சலுகை கிடையாது. நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதுவும் இல்லை. என் மனைவி கவிச்சி பட்ட சட்டிகளைக்கூடத் தேய்த்துப் பரணில் ஏற்றிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விதிவிலக்கு என்பது அவளுக்குப் பாடத்திலேயே பிடிக்காது.

சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு மாதா கோவிலிலிருந்து வந்ததும் சொன்னாள்: "இன்னையிலேருந்து ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள கறி வராது."

"எனக்குச் சரி. அதுங்களுக்கு?"

"அதுங்க எந்த வீட்ல இருக்கு?"

பங்குச் சாமியாரிடம் முறையிட்டேன். "மீனுக்கெல்லாம் ஒருசந்தி நோன்பு கிடையாதுங்க" என்றார். சந்தோஷமாகக் கிளம்பியவனை நிறுத்தி, "ஆனா டீச்சர் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா என்னை உள்ள இழுக்காதீங்க. ஈஸ்டர் பலகாரம் அவங்கதான் பண்றாங்க" என்றார்.

மூன்றாம் நாள் டிபன் பாக்ஸில் ஈரலைக் கடத்தினேன். வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள்.

"பையில என்ன?"

"ஃபைல்."

"ஃபைலு சொட்டுது."

ஈரல் தெருநாய்க்குப் போனது. அதன் பிறகு நான் முயலவில்லை. ஏற்கெனவே இரண்டு போய்விட்டன. மிச்சம் மூன்றும் நோயோடு பட்டினி கிடக்கின்றன. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் எல்லோரும் முழங்காலிட்டபோது நானும் முழங்காலிட்டேன். வேண்டிக்கொண்டது இந்த மூன்று மீன்களுக்காகத்தான். மாதா சிரித்திருப்பாள்.

அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பூவன் வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்து சமையலறையில் தொங்கவிட்டார். "தவக்காலத்துக்கு ஆகும் டீச்சர்" என்றார். தார் என்றால் தெரியும்தானே? நாலு நாள் கல்லாக இருந்துவிட்டு அத்தனை பழமும் ஒரே நாளில் பழுக்கும். எங்கள் வீட்டில் இருப்பதோ இரண்டு பேர்.

இரண்டாவது வாரம் தண்ணீர் தெளிந்தது. உப்பிய வயிறு இறங்கியது. வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பியது. ஒரு சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றியபோது மூன்றும் கண்ணாடிக்கு வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோன்பின் மகிமை என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விளக்கினேன். உபவாசத்தில் உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வதைப் பற்றிப் படித்ததையெல்லாம் சொன்னேன். அவர் தொட்டியை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்படிங்களா சார்" என்று உளுந்து வயலுக்குப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் பஸ் நிறுத்தம் வரை போன பிறகுதான் மூக்குக் கண்ணாடியை மறந்தது தெரிந்தது. திரும்பி வந்து கதவைத் தள்ளினேன். என் மனைவி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கோலத்தில், தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு நின்றாள். மூன்று மீன்களும் அவள் மணிக்கட்டைச் சுற்றி.

"கையை எடு! கையை எடு!"

நான் போட்ட கூச்சலில் தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க? மீனு பயப்படுதுல்ல!"

பயந்துதான் போயிருந்தன. மூன்றும் பின் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தன. என்னைக் கண்டு உண்மையாகவே பயந்த முதல் உயிர்கள் அவைதான்.

விரல்களை எண்ணினேன். ஐந்தும் இருந்தன. அவற்றுக்கு நடுவில் பாதி வாழைப்பழம்.

"பத்து நாளா குடுக்கறேன்" என்றாள். "முருங்கைக்கீரை போட்டேன், வெள்ளரிக்கா போட்டேன், எல்லாம் தின்னுது. கையிலேயே வந்து வாங்கிக்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா எருமைக் கதை சொல்லுவீங்க."

அன்று மதியமே ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறி, பழக்கமான கால்நடை மருத்துவர் ஒருவரிடம் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சார், பல்லைப் பாருங்க. நம்ம கடவாய்ப்பல்லு மாதிரி தட்டையா இருக்கு. பிரானாவுக்கு ரம்பம் மாதிரி இருக்கும். இது ரூப்சந்த். குட்டையில வளர்த்து மார்க்கெட்ல விக்கிறாங்களே, அதான். குஞ்சுல பாக்க பிரானா மாதிரியே இருக்கும், அப்படிச் சொல்லியே வித்துடறாங்க. பழம், கீரை, விதைன்னு தின்னுற மீன் சார். வெறும் ஈரலா போட்டா வயிறும் கெடும், தண்ணியும் கெடும்." பிறகு கேட்டார்: "எத்தனை போச்சு?"

"ரெண்டு."

அவர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆத்துல மட்டும் கொண்டுபோய் விட்டுராதீங்க. நம்ம மீனுக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் முருங்கை மரத்தடி நினைவாகவே இருந்தது. பழம் கேட்ட வாய்க்கு ஈரலைத் திணித்துவிட்டு, அதைச் சொல்லி ஊரைப் பயமுறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் யாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வரப்பில் நின்றிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது பிரானா இல்லைங்க."

"தெரியும் சார்."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்தே. கீழ்வேளூர்ல எம் மச்சான் குட்டையில இதானே வளக்கிறான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அவ்வளவு அழகா சொல்லுவீங்க சார். எங்க சம்பந்தி வீட்ல இன்னும் அந்த எருமையைப் பத்தித்தான் பேசிக்கிறாங்க." குனிந்து ஒரு களையைப் பிடுங்கினார். "ஈரலு மட்டும்தான் போடறீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

பிறகு, கேட்காமலே, வயலோரத்தில் சும்மா கிடந்த, முன்பு மோட்டார் தண்ணீர் விழுந்த தன் பழைய போர்செட் தொட்டியைக் கொடுத்தார். நாங்கள் இருவரும் அதைக் கழுவி, வலை கட்டி, மூன்றையும் விட்டோம். நான்கடிக் கண்ணாடிக்குள் இருந்தவை சிமெண்டுத் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததைப் பார்க்க வேண்டும்.

பதினான்கு மாதம் ஒரு தெருவே எனக்காகப் பயந்தது போலவாவது நடித்திருக்கிறது. மீட்டர் பார்க்கிறவருக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ, நான் கேட்கவில்லை. ஆபத்தானவனாக என்னை இருக்கவிட்ட இவர்களுக்கும், மீன்களைப் பிழைக்க வைத்த அவளுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று அந்தத் தவக்காலத்தின் மிச்ச நாட்கள் முழுக்க யோசித்தேன்.

ஈஸ்டர் அன்று பிரியாணி. பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். பரிமாறி முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். மூன்று உயிர்களைக் காப்பாற்றியவள் என் மனைவி, படித்ததையெல்லாம் நம்பிய எனக்குத் தெரியாதது கண்ணால் பார்த்த அவளுக்குத் தெரிந்தது, அந்தக் கருணைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்று பேசினேன். எருமைக் கதையைவிட நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

அவள் எலும்பை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

"நான் ஒண்ணும் காப்பாத்தலைங்க. அந்தத் தார்ல அவ்வளவு பழமும் கறுத்துப்போச்சு. குப்பையில போட மனசு வரல, இதுங்கதான் இருந்துச்சு. உக்காந்து சாப்பிடுங்க, ஆறுது."