வீமனுக்குக் கட்டிய வேப்பிலை

பத்மாசனியின் நல்ல குணம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் அவள் கணவன் அப்புத்துரை, "பிடிச்சால் விடமாட்டா" என்பான். கெட்ட குணம் ஒன்றைச் சொல்லச் சொன்னாலும் அதே பதில்தான். இரண்டிலும் பொய் இல்லை.

அவள் கரவெட்டிப் பக்கத்துப் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் காணிகளை அரசாங்கம் பிரித்துக் கொடுத்தபோது அப்புத்துரைக்கும் ஒரு துண்டு கிடைத்தது. புதுப் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு அவன் புறப்பட்ட அன்று சொந்தக்காரர் எல்லாரும் பஸ் வரைக்கும் வந்து அழுதார்கள். காடு, யானை, காய்ச்சல் என்று ஆளுக்கொன்றைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். பத்மாசனி பரந்தனில் இறங்கிக் குடியேற்றம் வரை நடந்து வந்து, தங்கள் காணி ஓரமாக ஓடிய வாய்க்காலைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து துலாவில் தண்ணீர் இறைத்த கைகள் அவளுடையவை. இங்கே தண்ணீர் தானாகவே வந்துகொண்டிருந்தது. பிறகு இந்தச் சனம் எதற்கு அழுதது என்று அவளுக்கு விளங்கவில்லை.

முதற்போகத்திலேயே சேறு அவள் கால்களைப் பதம் பார்த்துவிட்டது. விரல் இடுக்கெல்லாம் வெந்து, இரவு பகலாக அரித்துக் கடித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் களிம்பு சேற்றில் ஒருநாளும் நிற்கவில்லை. வாய்க்கால் கரையில் நின்ற வேப்பமரத்தில் இலை ஒடித்து, மஞ்சளோடு அரைத்துப் பூசினாள். அது நின்றது, கடியும் நின்றது. அதிலிருந்து அந்த மரத்தில் அவளுக்குத் தனிப் பிடிப்பு.

வீமன் வந்தது அதற்குச் சில காலம் கழித்து. அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மண்ணிற நாய், ஒரு காது மடிந்திருக்கும். ஒருநாள் வேலி வாசல் படலையடியில் வந்து படுத்தது, பிறகு எழும்பிப் போகவேயில்லை. அப்புத்துரை கல்லை எடுத்தான். பத்மாசனி சோற்றை எடுத்தாள். சோறு வென்றது. அந்தப் போகம் பக்கத்து வயல்களில் எல்லாம் பன்றி புகுந்து நாசம் செய்தபோது இவர்களின் வயலில் மட்டும் ஒரு வரம்பும் கிளறப்படவில்லை. காவற்கொட்டிலில் தான் கண் மூடாமல் இருந்ததுதான் காரணம் என்று அப்புத்துரை கடையடியில் சொல்லித் திரிந்தான். கொட்டிலில் வீமனோடு சேர்த்து இரண்டு பேர் இருந்ததையும், அதில் ஒருவர் குறட்டை விட்டதையும் அவன் சொல்லவில்லை.

கதை தொடங்குவது அறுபதாம் ஆண்டு மாரிப் பயிரான காலபோகத்தில். மாரி மழை விட்ட கையோடு வீமனுக்குச் சொறி பிடித்தது. முதலில் காதடியில், பிறகு வயிற்றில், பிறகு முதுகெல்லாம் மயிர் கொட்டி, தோல் தடித்துச் சிவந்துவிட்டது. காலையில் சொறியத் தொடங்கினால் சோறு வைக்கிறபோதும் சொறியும். சொறிந்து முடியாமல் படலைக்கு நட்டிருந்த மரக்கப்பில் போய் முதுகைத் தேய்க்கும். படலை ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து, ஆரோ வருகினம் என்று பத்மாசனி தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு ஏமாந்த நாட்கள் பல.

அப்புத்துரைக்கு வரப்போகிற அருவி வெட்டு, நெல் அறுவடை, நினைவு வந்தது. அங்கே கூலிக்கு ஆள் பிடிக்கிற வழக்கம் இல்லை. அயலவர் எல்லாரும் ஒருவர் வயலில் மற்றவர் இறங்கி வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டுகிறவர்களுக்கு வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாடு போடவேண்டும். இந்தக் கோலத்தில் ஒரு நாய் முற்றத்தில் நின்றால் எவன் கையை நனைப்பான் என்று அவன் கேட்டான். அயலில் இருந்த நடராசாவின் லொறி மரம் ஏற்றுவதற்கு அடிக்கடி வெறுமையாக மாங்குளம் போகும். அருவி வெட்டுக்கு முன்னம் சொறி மாறாவிட்டால் நாயை அதில் ஏற்றி, மாங்குளம் ஸ்ரேசனடியில் இறக்கிவிடுவதாக முடிவாகச் சொல்லிவிட்டான்.

மாங்குளம் சந்தியைப் பத்மாசனி பார்த்திருக்கிறாள். சொறிநாய் கிட்ட வந்தால் கடைக்காரர் சுடுதண்ணீர் ஊற்றுவதையும் பார்த்திருக்கிறாள். இறங்கினாள் வைத்தியத்தில்.

முதல் மருந்து நடராசா சொன்னது. லொறியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்து, இதைப் பூசினால் எந்தச் சொறியும் ஓடும் என்றான். வீமன் அதை நக்கிவிட்டு, பின்னேரம் முழுக்கச் சத்தி எடுத்தது. சொறி எங்கேயும் ஓடவில்லை. நடராசாதான் சில நாள் அந்தப் பக்கம் வராமல் ஓடித் திரிந்தான்.

பிறகுதான் அவளுக்குத் தன் கால் ஞாபகம் வந்தது. வேப்பிலையும் குப்பைமேனியும் பச்சை மஞ்சளும் சேர்த்து அம்மியில் அரைத்தாள். நல்லதுக்கென்று கொஞ்சம் உப்பும் வைத்தாள். புண்ணில் உப்புப் பட்டதும் வீமன் ஊளையிட்டுக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்தது, இருட்டும்வரை கரைக்கு வரவில்லை. அடுத்த முறை உப்பை விட்டாள். இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்து அதன் நுரையில் நாயைக் கழுவி, வேப்பிலை அவித்த தண்ணீரை ஆறவிட்டு வார்த்து, ஈரம் உலர்ந்த பிறகு அரைத்ததை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினாள். வேப்பெண்ணெயின் கசப்புக்கு வீமன் ஒருதரம் நாக்கை வைத்து, முகத்தைச் சுழித்து, அதன் பிறகு நக்கவேயில்லை. படுக்கிற சாக்கின் கீழே வேப்பிலை பரப்பினாள், தெள்ளும் உண்ணியும் அண்டாமல். தோலுக்குக் கூடாத கிரந்திச் சாப்பாடு என்று கருவாட்டையும் கத்தரிக்காயையும் நிறுத்தினாள். வீட்டுச் சட்டியில் மிஞ்சுவதுதான் நாய்க்கு என்பதால் வீடு முழுக்கவே கருவாடு நின்றது. அப்புத்துரை முணுமுணுத்தான். அவள் காதில் விழவில்லை.

முதுகுதான் தொல்லை. எவ்வளவு பூசினாலும் வீமன் போய்ப் படலைக் கப்பில் தேய்த்துத் துடைத்துவிடும். பத்மாசனி யோசித்தாள். சரி, தேய்க்கிற இடத்திலேயே மருந்து இருக்கட்டும் என்று இரண்டு கப்பிலும் வேப்பிலைக் கொத்துகளைக் கட்டி, மஞ்சளும் எண்ணெயும் தோயப் பூசிவிட்டாள். வீமன் தேய்க்கத் தேய்க்க மருந்து தானாகப் பூசுப்பட்டது. இந்த மூளைக்குத் தன்னை ஏன் ஒருவரும் மாதர் சங்கத் தலைவியாக்கவில்லை என்று அவளுக்கே ஆச்சரியம். தடிப்பு வற்றியது, சிவப்பு மங்கியது, பிறகு விரலால் தடவினால் புதுமயிர் குத்தியது. அன்று அவள் வீமனைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள், உடுப்பெல்லாம் மஞ்சளாக.

அருவி வெட்டுக்குக் குறித்த நாள் விடிந்தது. பெரிய பானையில் சோறு கொதித்தது. வெட்ட ஒருவரும் வரவில்லை.

வெயில் ஏறியும் ஒருவரும் இல்லை. அப்புத்துரை பக்கத்து வீட்டுக் கதிர்காமநாதனிடம் போனான். போன வேகத்தில் முகம் சிவக்கத் திரும்பி வந்தான். கதிர்காமநாதன் படலையைத் திறக்கவில்லையாம். வேலிக்கு உள்ளே நின்றுகொண்டே, சுகமாக இருங்கோ, எல்லாம் ஆறின பிறகு பார்ப்பம் என்றானாம். மற்ற வீடுகளிலும் அதே பணிவு, அதே தூரம். கதிர் முற்றிச் சாய்ந்துவிட்டது, இன்னும் விட்டால் மணி கொட்டும், மிச்சத்தைப் பன்றி பார்த்துக்கொள்ளும். அப்புத்துரை யாரைத் திட்டுவதென்று தெரியாமல் வீமனைத் திட்டிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு தனியாக வயலுக்குப் போனான்.

கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. மரியநேசன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாட்டோடு பஸ்ஸில் பரந்தனுக்கு வந்து, அங்கிருந்து சைக்கிளில் குடியேற்றம் முழுக்க விற்கிறவன். எப்போதும் முற்றம்வரை வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவன், இன்று தெருவிலேயே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் உள்ளுக்கு வரேல்லை. அண்ணைக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

"அண்ணைக்கு என்ன? அருவி வெட்டப் போயிட்டார்."

மரியநேசன் படலைக் கப்புகளைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அம்மாள் வந்திருக்கிறா எண்டு சனம் கதைக்குது."

பத்மாசனியும் கப்புகளைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வேப்பிலை, மேலே மஞ்சள். முற்றத்தில் மஞ்சள் தண்ணீர் ஓடிய தடம். அம்மை போட்ட வீட்டுக்கு என்ன அடையாளமோ அத்தனையும் தன் கையாலேயே செய்து வைத்திருக்கிறாள். அந்த வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள், என்ன வருத்தம் என்று வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். மரியநேசன் கத்தோலிக்கன். அவன் ஊரில் இந்த நோய்க்குச் செபஸ்தியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஆனாலும் வேப்பிலையைக் கண்டால் அவனும் படலை தாண்டமாட்டான்.

எல்லாம் நாய்க்குக் கட்டியது என்று அவள் சொன்னாள். மரியநேசன் மரியாதையாகத் தலையாட்டினான். அவன் நம்பவில்லை என்பது தெரிந்தது. அம்மை உள்ள வீட்டார் வெளியே எதைத்தான் ஒத்துக்கொள்வார்கள்? இனி வீடு வீடாகப் போய்ச் சொன்னாலும் இதே தலையாட்டல்தான். அப்புத்துரை மத்தியானம் வருவான். வேப்பிலைதான் காரணம் என்று அறிந்தால், வேப்பிலைக்குக் காரணமான நாய் பின்னேர லொறியில் போய்விடும். சொறி மாறிய நாய் சொறியாலேயே போகப்போகிறது. அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரம் இருக்கவில்லை.

"மரியநேசன், சூடைக் கருவாடு கிடக்கே?"

"ஓம் அக்கா. ஆனா இந்த நேரத்தில..."

"உள்ளதெல்லாத்தையும் உதில வைச்சிட்டுப் போம்."

அம்மாள் இருக்கிற வீட்டில் தாளிக்கமாட்டார்கள், பொரிக்கமாட்டார்கள். மச்சவாடையே கூடாது. இது குடியேற்றத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்மாசனி குசினியை விட்டு முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். வாடைக்காற்று நேரே கதிர்காமநாதன் வீட்டுப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. தாச்சியில் எண்ணெய் கொதித்ததும் கருவாட்டைப் போட்டாள். போதாதென்று செத்தல் மிளகாயையும் ஒரு கை அள்ளிப் போட்டாள். அம்மாளே கோவியாதை, ஆறுதலாகப் பொங்கிப் படைக்கிறன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். புகை வேலியைத் தாண்டிப் போனது. அங்கே ஒரு தும்மல், அடுத்து இன்னொன்று.

முதலில் வந்தவள் கதிர்காமநாதனின் பெண்சாதி விமலேஸ்வரி. வேலிக்கு மேலால் முகம் தெரிந்தது.

"பத்மாசனி, உனக்கு விசரோ? அம்மாள் இருக்கிற வீட்டில கருவாடு பொரிக்கிறாய்?"

"அம்மாள் இருந்தால் பொரிப்பனோ?"

விமலேஸ்வரி காற்றை இன்னொருதரம் மோந்து பார்த்தாள். யோசித்தாள். பிறகு படலையைத் திறந்துகொண்டு வந்தாள். பத்மாசனி அவளைக் கையில் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். அங்கே சாக்கில் மஞ்சள் பூசிக்கொண்டு, வேப்பிலையின் மேல், ஒரு தெய்வத்தைப்போல வீமன் படுத்திருந்தது. விமலேஸ்வரி சிரிக்கத் தொடங்கியவள் நிற்கமுடியாமல் உரலில் இருந்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் பொரியல் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தங்கள் மேல் குற்றமில்லை என்று விளக்கினாள். காலையில் அப்புத்துரை வந்து படலையில் நின்றபோது இரண்டு கையையும் வறட்டு வறட்டென்று சொறிந்தானாம். அதைக் கண்ட பிறகு வேறென்ன நினைப்பது?

பத்மாசனி அதைக் கேட்டாள். படலைக்குப் போனாள். வேப்பிலையை அவிழ்த்து வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டாள்.

பிறகு ஒரு வீட்டையும் போய் அழைக்க வேண்டியிருக்கவில்லை. விமலேஸ்வரியின் வாயும் வாடைக்காற்றும் சேர்ந்து வேலையை முடித்தன. மத்தியானத்துக்கு முன்னமே அயலெல்லாம் அரிவாளோடு வயலில் இறங்கியது. ஆறிப்போன சோற்றுக்குக் கருவாட்டுப் பொரியல். எல்லாரும் வீமனைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்துவிட்டு, தங்கள் நாய்க்கும் கடி இருக்கிறது என்று ஆளுக்காள் பத்மாசனியிடம் பக்குவம் கேட்டார்கள். அந்தக் குடியேற்றத்தில் எந்த நாய் சொறிந்தாலும் அவளைத் தேடி வருகிற வழக்கம் அன்றுதான் தொடங்கியது.

அப்புத்துரை ஒரு ஓரத்தில் இருந்து சாப்பிட்டான். இடக்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தான். பத்மாசனி வந்து பக்கத்தில் குந்தி, அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். உட்பக்கமெல்லாம் சின்னச் சின்னச் சிவப்பு.

"நெல்லுச் சுணை" என்றான்.

"அருவி வெட்ட முன்னமே சுணை பிடிச்சிட்டுதோ?"

அவன் சோற்றைக் குழைத்தான். வீமன் அவனைப் பார்த்து வாலை ஆட்டியது. அது ஆட்டிய விதம் சும்மா தெரிந்தவருக்கு ஆட்டுகிற விதமில்லை.

"கொட்டிலில சரியான பனி" என்றான் கடைசியில். "அது நடுங்குது. நான் என்ன செய்ய?"

"அப்ப மாங்குளம்?"

"நடராசாட்டைக் கேட்டனான். லொறியில இடமில்லையாம்."

வெறுமையாகப் போகிற லொறி. பத்மாசனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளும் யாருக்குப் பயந்து செத்தாளோ அந்த மனிசன், அந்த நாயைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். உள்ளே போய் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, எல்லாருக்கும் முன்னாலேயே அவன் கையில் பூசினாள். அவன் இழுக்கவில்லை.

அன்றிரவு வெட்டிய கதிருக்குக் காவல் இருந்தவனுக்கு, மறுநாள் விடியக் காவற்கொட்டிலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். பின்பக்கம் போட்ட வேப்பிலைக் கொத்துகள் இரண்டும் அங்கே இருந்தன. கொட்டிலின் இரண்டு கப்பிலும் அழுத்திக் கட்டி, எண்ணெயும் பூசியிருந்தது. ஒரு கப்பில் வீமன் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. மற்றக் கப்பில் அப்புத்துரை.