ஒரே அறையில் இரண்டு பேர் கூடாது

வீட்டில் எனக்கு மூத்தவர்கள் நான்கு பேர் இருக்கும்போது அம்மாவைப் பற்றி இந்த அஞ்சலித்தாளில் நான் எழுதுவது முறையில்லை. மன்னிக்க வேண்டும். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுத்து கொஞ்சம் வரும். அதுவும் அம்மா படிக்கவைத்ததால் வந்தது.

அன்று பகல், சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஒரு காலண்டருக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும் பெரியக்காவின் அழுகைதான் கேட்டது. எங்கள் பக்கம் வேலை நேரத்தில் அப்படி ஒரு போன் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "எந்தக் கம்பெனி, அக்கா?" என்று கேட்டேன்.

"கம்பெனி இல்லடி, அம்மா. சோறு வடிச்சுட்டு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாக. அம்புட்டுதான்."

வெடி விபத்து இல்லை என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. அந்த நொடிக்காகவும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அம்மாவுக்கு இது தெரிந்தால் கோபப்பட மாட்டார். பிள்ளைகள் ஐந்து பேரும் நன்றாக இருக்கும்போதே தான் முந்திக்கொள்ள வேண்டும் என்பதுதான், இருக்கன்குடி மாரியம்மனிடம் அவர் வருடந்தோறும் கேட்டது.

அம்மாவின் பெயர் பேச்சியம்மாள். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அவருடைய அண்ணன்கள் இருவர் ஒரு பட்டாசு ஆலையில் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஒரே நாளில் இருவரும் போய்விட்டார்கள். அம்மா எங்களிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. பெரிய அண்ணனுக்கு அடுத்து பெரியக்காவும் வேலைக்குக் கிளம்பிய நாளில் ஒன்றே ஒன்று சொன்னாராம்.

"ஒரே தட்டுல சாப்பிடுங்க. ஒரே ரூம்ல உக்காராதீக."

அதன்பிறகு எங்கள் வீட்டில் நான்கு பேர் நான்கு ஆலைகளுக்குப் போனார்கள். நான்கு வேன்கள், நான்கு நேரம். முதல் வேன் ஐந்தரைக்கே வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சோறு கட்டி, ஓடிப்போய் வாசலில் நீட்டுவார். எதிர்வீட்டு மாரியக்கா கேலி செய்வார்.

"ஏ பேச்சி, ஒன் வீட்டு வாசல்ல பஸ் ஸ்டாண்டே வச்சிரலாம் போல."

"வையி. கூட ஒரு டீக்கடையும் போடு, வியாபாரமாவது நடக்கும்."

ஒரு தீபாவளி சீசனில் பெரியக்காவின் ஆலையில் ஆள் பற்றவில்லை என்று சின்னக்காவையும் கூப்பிட்டு, இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அம்மா வெயிலில் நடந்தே ஆலைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கேட்டில் போர்மேன் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"என்னக்கா நீங்க! அக்கா தங்கச்சி பேசிக்கிட்டே பாத்தா வேல சட்டுனு முடியும்ல?"

"பேச்செல்லாம் வீட்டுல வந்து பேசிக்கிடட்டும்."

"ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. சீசன் நேரத்துல வந்து சட்டம் பேசுறீகளே."

"சீசன் ஒங்களுக்கு, அண்ணாச்சி. புள்ளைக எனக்கு."

அறையை மாற்றிக் கொடுக்கும்வரை அம்மா கேட்டை விட்டு நகரவில்லை. அறையை மாற்றினால் ஆபத்து போய்விடாது என்று அவருக்கும் தெரியும். தன்னால் முடிந்ததை அவர் விடவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் தெருக்குழாயடியில் நின்று ஒவ்வொரு வேனாகப் பார்ப்பார். கடைசி ஆள் இறங்கும்வரை சோற்றுப்பானையைத் திறக்க மாட்டார். "எல்லாரும் வந்தாச்சா?" என்பதுதான் எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் குரல்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, ஊருக்கு வேன் அனுப்பும் எல்லா ஆலையிலும் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் இருந்தார். அம்மா என்னைக் கல்லூரியில் சேர்த்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "இவளுக்குனு ஒரு கம்பெனி மிச்சமில்ல, அதான் காலேஜுல போட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பட்டம் வாங்கிய அன்று மண்டபத்துக்கு வந்தவர், மேடையைப் பார்க்கவில்லை. சுற்றிலும் கண்ணை ஓட்டிவிட்டு என் காதில் சொன்னார்:

"நல்ல எடம்டி. வாசல் நெறைய வச்சிருக்காக."

சின்ன அண்ணன் மாரியப்பனுக்கு மனைவியாக வந்த செல்வி மதினியும் பட்டாசு வேலை தெரிந்தவர். அவரையும் அம்மா வேறு ஆலைக்கு, பெரியக்கா வேலையை விட்டிருந்த ஆலைக்குத்தான் அனுப்பினார். "புருசன் பொண்டாட்டியப் பிரிச்சு வைக்கிற மாமியார் இவுகதான்" என்று மதினி சிரிப்பார். "வீட்டுல ஒண்ணாத்தான இருக்கீக, பத்தாதா?" என்பார் அம்மா. அண்ணன் மகள் பிறந்த பிறகு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்த இரண்டு வேன்களுக்கும் காத்து நின்றார். அவளுக்கு இப்போது மூன்று வயது.

இந்தத் தாளில் அச்சடிக்க அம்மா தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அண்ணன் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தேன். அதிலும் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. வரிசையாக நிற்கும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எண்ணுகிறார் என்று எங்களுக்கு மட்டும் தெரியும்.

எட்டாம் நாள் துக்கம் கேட்க அண்ணன் ஆலையின் போர்மேன் வந்திருந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார்: "பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சதும் மதினியையும் கூட்டிட்டு வாங்க. ஒரே வேனு, ஒரே ரூமு. அலைச்சல் மிச்சம்." அண்ணன் தலையைக் குனிந்தபடி, "இனிமே தடுக்க யாரு இருக்கா, பாப்போம்" என்றார். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. அடுத்த ஆளுக்கு டீயை நீட்டினேன்.

அம்மா, இன்று உங்கள் பதினாறாம் நாள். பிள்ளைகள் ஐந்து பேரும் வந்தாச்சு. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.

அண்ணே, மதினி, சபையில் வைத்துக் கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நேரில் கேட்க எனக்கு வராது. காலையில் சோறு கட்ட நான் எழுந்துகொள்கிறேன், இரண்டு வேனுக்கும். சாயங்காலம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நிற்கச் சின்னக்கா சம்மதித்திருக்கிறார். திங்கட்கிழமை நீங்கள் இருவரும் வேறு வேறு வேனில் ஏறுங்கள்.