பெயரில்லாத பட்டியல்

டிவியில் படத்துக்குக் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும். கூச வேண்டியதுதான். நோயாளியைக் கைபேசியே காட்டிக்கொடுக்கும் காலமெல்லாம் வருவதற்கு முன்னாலேயே, பட்டினச்சேரி ஜனங்களின் பெயரை அதில் ஓடவிட்ட புண்ணியவான் நான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருஷங்கள். காரைக்காலில் ஒரு சுகாதார அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. மழை விட்டதும் பட்டினச்சேரியில் வாந்திபேதி பரவியது. அந்த ஊர் நர்சம்மா வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிவந்த பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாவற்றையும் நான் தட்டி ஏற்றினேன். உள்ளூர் கேபிள் டிவிக்காரர் வந்து அந்தப் பட்டியலைக் கேட்டார். ஜனங்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டுமே என்று, பெரிய மனுஷனாட்டம் அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். பிறந்தநாள் வாழ்த்துக்கும் காணாமல்போன ரேஷன் கார்டுக்கும் நடுவே அந்தப் பெயர்கள் ஓடின.

அதில் ஒரு மீன்கார அக்காவின் பெயரும் இருந்தது. குணமாகி நாலைந்து நாளாகிவிட்டது அவருக்கு. மறுநாள் அவர் மீன் விற்கப் போகும் அம்பகரத்தூரில் வாடிக்கை வீடுகளெல்லாம் கதவைச் சாத்த, கூடை மீனும் அப்படியே திரும்பியது. அதோடு பட்டினச்சேரியில் புதிதாக ஒருவருக்கும் நோய் இல்லை என்று தகவல் வர, அலுவலகத்தில் ஒரே சந்தோஷம். நர்சம்மா மட்டும் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நோவு போவலை தம்பி. எனக்குக் கதவு தொறக்க மாட்டேங்கறாங்க. உள்ள புள்ளைங்க சுருண்டு கெடக்குதுங்க."

சத்தம்கூடப் போடவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து அவர் தந்த தாளில் நம்பரும் தெருவும் மட்டும்தான். எந்த நம்பர் யார் என்பது அவர் கைப்பையிலிருந்த நோட்டுக்குத்தான் தெரியும். பெயர் தன்னைத் தாண்டாது என்று வாசல் வாசலாக நின்று சொல்லியிருக்கிறார். முதலில் கதவைத் திறந்தது மீன்கார அக்கா. உள்ளே அவருடைய பேரன் துவண்டு கிடந்தான். அப்புறம் அக்காவே போய் மற்ற கதவுகளைத் தட்டினாராம். எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஏற ஏற நர்சம்மாவின் முகம் தெளிந்தது. முக்கால்வாசி நம்பர் ஒரே தெருவில் வந்து விழ, அங்கே தோண்டிப் பார்த்தார்கள். சாக்கடைக்கு அடியில் குடிநீர்க் குழாய் உடைந்து கிடந்தது. அதைச் சரிசெய்ததும் நோய் அடங்கிவிட்டது. ஓர் உயிரும் போகவில்லை, ஒரு குழந்தைகூட!

மேலிடத்திலிருந்து வந்த அதிகாரிக்கு அது போதவில்லை. பெயர் இல்லாத பட்டியல் பொய்ப் பட்டியல் என்றார். நோட்டைக் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டினார்.

"போனா போவட்டுங்க சார். அவங்களைக் கேக்காம தர மாட்டேன்," என்றார் நர்சம்மா.

சாயங்காலமே சைக்கிளை மிதித்துப் போய் மீன்கார அக்காவிடம் சொல்லிவிட்டேன். விஷயத்தைக் கடத்துவதில்தான் நான் கெட்டிக்காரனாயிற்றே.

மறுநாள் காலை இரண்டு வேன் நிறைய ஜனம் வந்து இறங்கியது. மீன்கார அக்கா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து, "ஒண்ணாம் நம்பர் இவந்தாங்க," என்றார். அவருக்குப் பின்னால் இரண்டு, மூன்று, நான்கு என்று வாசல்வரை எழுந்த குரல்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, பேரைச் சொல்லுங்க," என்று என்னைப் பார்த்தார். பழக்கதோஷம், என் விரல்கள் கீபோர்டுக்குப் போய்விட்டன.

அக்கா கவனித்துவிட்டார்.

"அதான் நேர்ல பாத்துட்டாருல்ல, போதும். நீ கையை எடு தம்பி."

எடுத்துவிட்டேன்.