சத்தமில்லாத மொபட்

ரிடையரான மனிதனை யாரும் விசாரிப்பதில்லை. என்னை மட்டும், விசாரணை செய்யக் கூப்பிடுகிறார்கள். 'சாருக்கு எல்லா ரூல்ஸும் தெரியும்' என்று ஊருக்குள் ஒரு வதந்தி!

போன ஞாயிறு, உசிலம்பட்டியிலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்கு சைக்கிள் பந்தயம். கப்பலூர் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டும் பாண்டி முதலில் வந்துவிட்டான். வழக்கமாகப் பரிசளிப்பு முடிந்து, சேர்களை மடக்கும்போது வருகிறவன்! சந்தேகம் வராதா? அதுவும், பேப்பரைத் திறந்தால் திடீரென்று வேகமெடுத்த வெளிநாட்டு வீரர்களின் ஊக்கமருந்து ஊசிக் கதைகளும், அதற்கு அவர்கள் தரும் விளக்கங்களுமாக இருக்கும் காலத்தில்...

பாண்டி ஜெயித்தது சொந்த பலத்தில் இல்லை என்று, இரண்டாவதாக வந்த செல்வம் புகார் கொடுத்தான். நிரூபணமானால் பாண்டிக்குக் கோப்பையும் கிடையாது, மாநிலப் போட்டியும் கிடையாது. நானும் கமிட்டி டாக்டரும் மேஜை போட்டு உட்கார்ந்தோம்.

"ஏம்ப்பா, டோப் போட்டியா?" என்றார் டாக்டர்.

"ஆமா சார், போட்டேன்." பாண்டி கூசவே இல்லை.

"எங்கே?"

"செக்கானூரணி தாண்டி சார். தோள்ல."

"யாரு கை?"

"எங்க மச்சான் கைதான்."

"மச்சான் கம்பவுண்டரா?"

"இல்ல சார், சோடாக் கடை."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். எனக்குத்தான் உறுத்தியது. குற்றத்தை இவ்வளவு ஒழுங்காக ஒப்புக்கொண்ட ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை.

"டோப்புன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"என்ன சார் இது... வண்டி நின்னு போனா இழுத்துட்டுப் போறதுதானே? டோ!"

செல்வம் துள்ளி எழுந்தான். "அதைத்தான சார் நானும் சொல்றேன்! அவுக மச்சான் மொபட்ல வந்து, இவன் தோள்ல கை வச்சுத் தள்ளிக்கிட்டே வந்தாரு. சத்தமே இல்லாம வந்தாங்க சார். அம்புட்டு தந்திரம்!"

"சத்தமே இல்லையா?"

"துளிகூட இல்ல சார்!"

சத்தம் இல்லையென்றால் இன்ஜின் ஓடவில்லை. ஓடாத வண்டி எப்படித் தள்ளும்? பாண்டியைப் பார்த்தேன்.

"பெட்ரோல் தீந்துருச்சு சார்" என்றான். "'மாப்ள, பங்க் வரைக்கும் இழு'ன்னு தோளைப் பிடிச்சுக்கிட்டாரு. அக்கா வீட்டுக்காரரு, விட்டுட்டா வர முடியும்? அவரு கடையும் கப்பலூர்தான். தெனமும் இழுத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். அன்னைக்குப் பங்க்ல எறக்கி விட்டுட்டு மிதிச்சேன் பாருங்க... சைக்கிள் நிக்கவே மாட்டேங்குது!"

ரூல்ஸைப் புரட்டினேன். இன்னொரு வண்டியால் இழுக்கப்படக் கூடாது என்று இருக்கிறது. இன்னொரு வண்டியை இழுக்கக் கூடாது என்று எங்குமே இல்லை. எழுதியவருக்கு அவ்வளவு தூரம் கற்பனை போகவில்லை போலும். கோப்பை பாண்டிக்கே!

நேற்று மாலை நாகமலை ரோட்டில் செல்வத்தைப் பார்த்தேன். வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்தான். அவன் தோளைப் பிடித்தபடி, சத்தமில்லாத மொபட்டில்... அதே மச்சான்!

ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லாமல் ஊர் சுற்றுகிறவரை நாம் கஞ்சன் என்கிறோம். வெளிநாடாக இருந்தால் கோச் என்று சொல்லியிருப்பார்கள்!