போனில் நிறைந்த முருகன்

வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய டூங்கபியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவர் அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் தொப்பி, கட்டைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. வயரைச் செருகுமுன் ஒவ்வொரு முறையும் அதன் நுனியை வாயால் ஊதுவார். மந்திரித்து ஊதித் திருநீறு போடப்போகிறாரோ என்று நினைத்தேன்.

மறுநாள் பேரனுக்கு முதலெழுத்து எழுதவைக்கும் ஏடு தொடக்கல். வீடியோ எடுக்க என் போனில் இடமில்லை. மகனின் பழைய லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். போனைத் திறந்து பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அன்ரி, நல்லூர்த் திருவிழாச் சனம் முழுக்க இதுக்குள்ளதான் நிக்குது!"

காலை வணக்கம் சொல்லிச் சொந்தக்காரர் அனுப்பிய முருகன் படங்கள். பாவம் வருமென்று ஒன்றையும் நான் அழித்ததில்லை.

"அழிச்சு விடட்டே?"

"ஐயோ தம்பி, சாமியை அழிக்கிறதே?"

"எனக்கும் பயம்தான். ஒரு முஸ்லிம் முருகனை அழிச்சானெண்டா ரெண்டு பக்கத்தாலயும் அடி விழும். லப்டொப்புக்கு மாத்தி விடுறன்."

மாற்றித் தந்த போனில் ஒரு முருகனும் இல்லை. விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

"எல்லாம் அழிஞ்சு போச்செல்லோ!"

"அழியேல்ல அன்ரி, இடம்பெயர்ந்திட்டார். ஓரிடத்தில இல்லையெண்டா அழிஞ்சதெண்டு அர்த்தமே? நானும் இப்ப யாழ்ப்பாணத்தில இல்லைத்தானே."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஒரேயடியாய் அங்கிருந்து துரத்தியது எங்கள் தமிழ் இயக்கத்து ஆட்கள். அவர்கள் கையில் பையோடு நடந்து போனதை எங்கள் வீட்டுக் கேற்றடியில் நின்று பார்த்தவள் நான். பகிடிக்குச் சொன்னாரா, என்னைக் குத்திச் சொன்னாரா என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அப்போது என் வாயில் வந்தது, "போட்டு வாறன் தம்பி" என்று விடைபெற்ற சொல் மட்டும்தான்.